சோலார் அப்புறம், முதலில் மீட்டர்

கேள்வி: எங்கள் வீடு கட்டி 25 வருடம் ஆகிறது. கான்கிரீட் தளம் போட்ட மாடி வீடு. கோடையில் மேல் அறையில் ராத்திரி பத்து மணிக்குக்கூடப் படுக்க முடியவில்லை. கரண்ட் பில்லும் ஏறிக்கொண்டே போகிறது. சுற்றுச்சூழலைக் கெடுக்காத வீடாக இதை மாற்ற வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. ஒருவர் சோலார் போடுங்கள் என்கிறார். இன்னொருவர் ஜன்னல்களை எல்லாம் இரட்டைக் கண்ணாடியாக மாற்றச் சொல்கிறார். பிளக்கில் செருகினால் மின்சாரம் மிச்சமாகும் என்று ஒரு கருவியின் விளம்பரமும் பார்த்தேன். என் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் செலவு செய்ய முடியாது. மாமியாரோ, “எரியுற லைட்டை அணைச்சாலே போதும், இதுக்கெல்லாம் எதுக்குப் பணம்?” என்கிறார். நான் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமியார் சொல்வது பாதி சரி. பணம் செலவழிக்காமலே செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன, அவற்றைத்தான் முதலில் செய்ய வேண்டும். ஆனால் லைட்டை அணைப்பதில் மிச்சமாவது சொற்பம். பில்லை ஏற்றுவது வேறு சாமான்கள். அவற்றுக்கு அப்புறம் வருகிறேன்.

முதலில், பழைய வீடு என்று வருத்தப்பட வேண்டாம். உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7, 8 சதவீதம் சிமெண்டு தயாரிப்பிலிருந்து மட்டும் வருகிறது. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது, எரிபொருளின் புகை போதாதென்று அந்தக் கல்லுக்குள் இருக்கும் கரியமில வாயுவும் வெளியேறிவிடுகிறது. உங்கள் வீட்டுச் சிமெண்டு 25 வருடத்துக்கு முன்பே அந்தக் கணக்கை முடித்துவிட்டது. இதை இடித்துவிட்டு எவ்வளவு ‘பசுமையான’ வீட்டைக் கட்டினாலும் பெரிய கடனோடுதான் அது தொடங்கும். ஜன்னல், கதவு, ஓடுகிற பிரிட்ஜ் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். நன்றாக உழைக்கிற பொருளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கச் சொல்லும் யோசனையை நான் எப்போதும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்பேன். சொல்பவர் அதை விற்பவராகவும் இருந்தால் இன்னும் கொஞ்சம் அதிகமாக.

அந்த பிளக் கருவியை வாங்காதீர்கள். அதற்குள் பெரும்பாலும் ஒரு சின்ன கெபாசிட்டரும் மினுக்குகிற விளக்கும்தான் இருக்கும். பெரிய தொழிற்சாலைகளில் ‘பவர் ஃபேக்டர்’ (வரும் மின்சாரத்தில் எவ்வளவு நிஜமான வேலையாகிறது என்ற விகிதம்) என்பதைச் சரிசெய்யக் கெபாசிட்டர் வைப்பது உண்மை. ஆனால் வீட்டு மீட்டர் பொதுவாக நாம் நிஜமாகச் செலவழித்த ஆற்றலை மட்டுமே எண்ணுகிறது. அதை இந்தக் கருவியால் குறைக்க முடியாது. தன் விளக்கை எரிக்க அதுவே கொஞ்சம் மின்சாரம் எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

இனி வேலைக்கு வருவோம். ஒரு பைசா செலவழிப்பதற்கு முன் உங்கள் மின்மீட்டர் முன்னால் பத்து நிமிடம் நில்லுங்கள். டிஜிட்டல் மீட்டர் என்றால் அதில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருப்பார்கள். 1600, 3200 என்று மீட்டருக்கு மீட்டர் மாறும். வீட்டில் லைட், ஃபேன், கீசர் என்று ஓடுகிற எல்லாவற்றையும் அணையுங்கள். பிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள், பத்து நிமிடத்தில் உள்ளே இருப்பது எதுவும் கெடாது. ஆனால் டி.வி., செட் டாப் பாக்ஸ், இணைய ரூட்டர், சார்ஜர், மைக்ரோவேவ் எல்லாம் வழக்கமாக எப்படிச் செருகியிருக்குமோ அப்படியே இருக்கட்டும். இப்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை சிமிட்டல் என்று எண்ணுங்கள். (சில மீட்டர்களில் மின்சாரமே ஓடாதபோது அந்த விளக்கு நிலையாக எரிந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சிமிட்டலைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.)

3200 சிமிட்டல் மீட்டரில் நிமிடத்துக்கு 3 சிமிட்டல் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 180. அதை 3200ஆல் வகுத்தால் 0.056 கிலோவாட், அதாவது 56 வாட். பார்க்கச் சின்ன எண்தான். ஆனால் இது இரவும் பகலும் ஓடுவது. மாதத்துக்கு 40 யூனிட். ஒருவரும் எதையும் பயன்படுத்தாத வீட்டில் 40 யூனிட்! இதற்கு வைத்தியம், டி.வி. இருக்கும் மூலையில் சுவிட்ச் வைத்த ஒரு நீட்டிப்புப் பெட்டி. படுக்கப் போகும்போது அந்த ஒரு சுவிட்சைத் தட்டினால் போதும்.

அப்புறம் ஒவ்வொரு சாமானாகப் போட்டுப் போட்டு எண்ணுங்கள். கீசரைப் போட்டதும் விளக்கு வெறிபிடித்த மாதிரி சிமிட்டும். பத்தாவது படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த வேலையை அவரிடமே விட்டுவிடலாம், ஆர்வமாகச் செய்வார்கள். இந்தக் கணக்கு ஒரு தாளில் ஏறிவிட்டால், எதற்குப் பணம் செலவழிப்பது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் உங்கள் கையில் இருக்கும்.

அநேகமாக என்ன தெரியவரும் என்று சொல்கிறேன். எது சூடாக்குகிறதோ, எது குளிர வைக்கிறதோ, அதுதான் மின்சாரத்தைத் தின்கிறது. குளிக்க 20 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ 0.35 யூனிட் ஆகும். வாளியில் குளித்தால் அத்தோடு முடிந்தது. நிமிடத்துக்கு 10 லிட்டர் கொட்டும் ஷவரின் கீழே எட்டு நிமிடம் நின்றால் 80 லிட்டர், 1.4 யூனிட். அதே 1.4 யூனிட்டில் ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்ப் 150 மணி நேரம் எரியும். மாமியாரிடம் இந்த ஒரு கணக்கை மட்டும் காட்டுங்கள். பழைய குண்டு பல்ப் இன்னும் எங்காவது இருந்தால் மாற்றிவிடுங்கள், 60 வாட் எடுத்த இடத்தில் 9 வாட் போதும். அது வெளிச்சம் தருவதைவிட வெப்பம் தருவதுதான் அதிகம். விளக்கைப் பற்றி அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

கீசர் பற்றி ஒரு எச்சரிக்கை. சிக்கனம் என்று வெப்பநிலையை ரொம்பக் குறைத்து வைக்கச் சொல்வார்கள். தண்ணீரைத் தேக்கி நாள் முழுக்கச் சூடாக வைத்திருக்கும் பெரிய தொட்டி என்றால் 60 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள். வெதுவெதுப்பான தேங்கிய தண்ணீரில் லெஜியனெல்லா என்ற கிருமி வளரும், அது நுரையீரலைத் தாக்கும். குளிப்பதற்குச் சற்று முன் போட்டு, முடிந்ததும் அணைத்துவிடும் சின்னக் கீசருக்கு இந்தக் கவலை குறைவு. மிச்சம் பிடிக்கச் சரியான இடம் ஷவர்தான். நீரோட்டத்தைக் குறைக்கும் ஷவர் தலை மாட்டினால் தண்ணீரும் மிச்சம், அதைச் சூடாக்கும் மின்சாரமும் மிச்சம்.

இப்போது உங்கள் மேல் அறை. உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது ‘ராத்திரி பத்து மணி’ என்ற வார்த்தைகள்தான். வெயில் போய் நாலு மணி நேரம் ஆன பிறகும் அறை ஏன் கொதிக்கிறது? கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, அதை மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டிருக்கிறது. கட்டிலில் நின்று கூரையைத் தொட்டுப் பாருங்கள், சுவரைவிடச் சூடாக இருக்கும். கறுத்துப்போன தளத்தின் மேற்பரப்பு உச்சிவெயிலில் 60 டிகிரியைத் தாண்டுவது உண்டு. அதன் கீழே ஏ.சி. போடுவது, அடுப்பை அணைக்காமல் பாலில் ஐஸ் போடுகிற மாதிரி.

மேலே வெள்ளைப் பூச்சு அடியுங்கள். இதைவிட மலிவாக, இதைவிட வேகமாக வித்தியாசம் தெரிகிற வேலை உங்கள் வீட்டில் வேறு இல்லை. பாசி படிந்து கறுத்த கான்கிரீட், விழும் வெயிலில் கால் பங்கு அளவுக்குத்தான் திருப்பி அனுப்பும். புதிதாக அடித்த நல்ல வெள்ளைப் பூச்சு ஏறத்தாழ 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். கடையில் கூல் ரூஃப் பெயிண்ட் என்று கேட்டால் கிடைக்கும். டப்பாவில் எஸ்.ஆர்.ஐ. என்று ஓர் எண் இருக்கும். வெயிலில் ஒரு பரப்பு எவ்வளவு சூடாகாமல் இருக்கும் என்பதன் அளவு அது. அளவுகோலாக வைத்திருக்கும் கறுப்புப் பரப்புக்கு 0, வெள்ளைப் பரப்புக்கு 100. நூறை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கிற டப்பாவை எடுங்கள். அந்த எண்ணே போடாமல் ‘குளிர்ச்சி’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது வெறும் வெள்ளைப் பெயிண்டாக இருக்கலாம். கையில் பணம் இன்னும் குறைவென்றால் சுண்ணாம்பில் பசை சேர்த்து அடிக்கலாம். ஒரு மழைக்காலத்தில் கரைந்துபோகும், அடுத்த கோடைக்கு முன் மறுபடி அடிக்க வேண்டும். அதுவும் வேலை செய்யும்.

பெயிண்டைவிடத் தளத்தைத் தயார்ப்படுத்துவதுதான் முக்கியம். கம்பி பிரஷ்ஷால் பாசியைச் சுரண்டி, கழுவி, முழுக்கக் காயவிட வேண்டும். விரிசல் இருந்தால் முதலில் அதை அடைக்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், எங்காவது குட்டை கட்டினால் அந்த இடத்தில் பூச்சு சீக்கிரம் உரியும், அங்கே சரிவைச் சரிசெய்துவிட்டு அடியுங்கள். கொளுத்தும் வெயிலில் அடித்தால் பூச்சு பிடிப்பதற்குள் காய்ந்துவிடும், காலையிலோ சாயங்காலமோ அடிப்பது நல்லது. இரண்டு கோட். வருடத்துக்கு ஒருமுறை தூசியைக் கழுவிவிட்டால் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். ஈரத்தில் வழுக்கும், பெரியவர்களை மேலே அனுப்பும்போது கவனம்.

அடுத்தது ஜன்னல். மாற்ற வேண்டாம், நிழல் கொடுங்கள். இரட்டைக் கண்ணாடி எங்கே பலன் தரும் என்றால், வெளியே கடுங்குளிரும் உள்ளே கதகதப்பும் இருக்கிற வீடுகளில். உங்கள் சிக்கல் நேராக உள்ளே விழும் வெயில். அது இரண்டு கண்ணாடியையும் தாண்டி வரும். சாயங்காலம் நாலு மணிக்கு மேற்குப் பக்க ஜன்னலுக்குப் போய்த் திரைச்சீலையின் உட்பக்கத்தில் கையை வையுங்கள். துணி சுடும். வெயில் கண்ணாடியைத் தாண்டித் துணியில் விழுந்துவிட்டால் அந்த வெப்பம் அறைக்குள் வந்துவிட்டது என்றுதான் அர்த்தம். ஒளியாக உள்ளே வந்த வெயில் வெப்பமாகத் திரும்பிப் போகக் கண்ணாடி எளிதில் விடாது. அதனால் தடுப்பு கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும். மூங்கில் தட்டி, செடிகளுக்குப் போடும் பச்சை நிழல் வலை, கம்பி கட்டி ஏற்றிவிட்ட கொடி, எதுவானாலும் சரி.

சன்ஷேடு இருக்கிறதே என்பீர்கள். உச்சிவெயிலுக்கு அது போதும். கிழக்கிலும் மேற்கிலும் சூரியன் தாழ்வாக நின்று சன்ஷேடுக்குக் கீழே புகுந்து அடிக்கும். அங்கே மேலிருந்து தொங்கும் தடுப்புதான் உதவும். சுருட்டி ஏற்றுகிற மாதிரி இருந்தால் காலையில் வெளிச்சமும் கிடைக்கும். ராத்திரி வெளியே காற்று குளிர்ந்த பிறகு எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வைத்து, காலையில் வெளியே சூடேறும் முன் அடைத்துவிடுங்கள். நாள் முழுக்க எல்லாவற்றையும் திறந்துபோடுவதால் அறை குளிராது, வெளிச்சூடுதான் உள்ளே வரும்.

இந்த இரண்டும் முடிந்த பிறகு ஃபேனைப் பாருங்கள். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் அளவுக்கு எடுக்கும், பி.எல்.டி.சி. என்ற, குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் வைத்தது 30 வாட்டை ஒட்டி. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடுகிற ஃபேன் என்றால் மாதத்துக்கு 16 யூனிட் மிச்சம். அதனால் நாளெல்லாம் ஓடுகிற ஃபேனை மட்டும் மாற்றுங்கள். விருந்தாளி அறையில் எப்போதாவது ஓடுகிறதை அப்படியே விடுங்கள். ஃபேன் அறையைக் குளிர வைப்பதில்லை, நம் உடம்பு வியர்வையைக் காயவைக்கிறது. ஆளில்லாத அறையில் அது ஓடுவது வீண். ஏ.சி. இருந்தால் 22இல் வைப்பதை 26 ஆக்கி, கூடவே ஃபேனை மெதுவாகப் போடுங்கள். ஒரு டிகிரி ஏற்றினால் 5, 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும். ஃபில்டரைக் கழற்றிக் குழாயடியில் கழுவ ஐந்து நிமிடம்.

பிரிட்ஜ் கதவில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் ரப்பர் கேஸ்கெட் தளர்ந்திருக்கிறது, அதை மட்டும் மாற்றலாம். சுவரோடு ஒட்டி நிற்கும் பிரிட்ஜைக் கொஞ்சம் முன்னால் நகர்த்துங்கள், பின்பக்கம் வெப்பம் வெளியேற வழி வேண்டும். புதுப் பிரிட்ஜ் வாங்கிய பலர் பழசையும் ‘இருக்கட்டுமே’ என்று ஓட விடுகிறார்கள். அதற்குப் புதிதை வாங்காமலே இருந்திருக்கலாம்.

குளிரான இடங்களில் இருந்து படிப்பவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. உங்களுக்கு வெள்ளைக் கூரை தேவையில்லை, குளிர்காலத்து இளவெயிலையும் அது திருப்பி அனுப்பிவிடும். கதவு, ஜன்னல் ஓரங்களில் ஊதுபத்திப் புகையைக் காட்டிப் பாருங்கள். புகை எங்கே சாய்ந்து ஓடுகிறதோ அங்கே காற்று புகுகிறது. ஒட்டும் ரப்பர் பட்டையால் அடையுங்கள். அதன் பிறகு கூரைக்கடியில் வெப்பத்தடுப்புப் பஞ்சு. ஆனால் வீட்டுக்குள் எரிவாயுவோ விறகோ எரிந்தால் அதற்கென்று விட்ட காற்றுத் துளையை ஒருபோதும் அடைக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

தண்ணீரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் தண்ணீரை மேலே ஏற்றவும் மின்சாரம்தான். ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் உணவு நிறத்தைக் கரைத்துவிட்டு அரை மணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் விடுங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் மூடி கசிகிறது. சத்தமே போடாமல் நாளெல்லாம் ஒழுகும் இந்தக் கசிவைத்தான் யாரும் கண்டுபிடிப்பதில்லை. மாற்ற வேண்டியது ஒரு சின்ன ரப்பர் சாமான். நொடிக்கு ஒரு சொட்டு விழும் குழாய் நாளுக்கு ஏறத்தாழ 20 லிட்டரைக் கொட்டும், அதற்கு ஒரு வாஷர் போதும். சமையலறைக் குழாய் முனையில் ஏரேட்டர் (தண்ணீரோடு காற்றைக் கலந்து விடும் சின்னச் சல்லடை) திருகிவிட்டால் நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து லிட்டர் வந்தது ஐந்தாறாகக் குறையும், பாத்திரம் கழுவ அதுவே தாராளம். பழைய பெரிய ஃப்ளஷ் டேங்குக்குள் தண்ணீர் நிரப்பி மூடிய ஒரு பாட்டிலை நிறுத்தி வையுங்கள், ஒவ்வொரு தடவையும் அந்தப் பாட்டில் அளவுக்குத் தண்ணீர் மிச்சம். செங்கல் போடச் சொல்வார்கள், போடாதீர்கள், கரைந்து அடைப்பு வரும்.

சமையலறைக் குப்பையை ஒரு துளையிட்ட வாளியில் மக்க வையுங்கள். குப்பைமேட்டில் அடியில் புதைந்து காற்றில்லாமல் அழுகினால் அது மீத்தேனாகும், நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு பூமியைச் சூடாக்கும் வாயு. வாளி நாறினால் ஈரம் அதிகம் என்று பொருள். காய்ந்த இலையோ கிழித்த அட்டைப்பெட்டியோ போட்டுக் கிளறினால் சரியாகிவிடும்.

உங்கள் ஒரு மாதச் சம்பளத்தை எப்படிப் பிரிப்பது? கசிவுகள், ஏரேட்டர், ஷவர் தலை, சுவிட்ச் பெட்டி எல்லாம் சேர்ந்தாலும் அதில் சின்னத் துண்டுதான் போகும். பெரும்பங்கு மேல்தளத்துக்கு. மிஞ்சுவதில் மேற்குப் பக்கத் தட்டி, அதற்கும் மேல் இருந்தால் படுக்கையறை ஃபேன் ஒன்று.

சோலாருக்கு நான் எதிரி இல்லை. ஆனால் இன்றைய பில்லை வைத்து அளவு போட்டால், வீணாகும் மின்சாரத்துக்கும் சேர்த்துப் பலகை வாங்குவீர்கள். ஒரு கோடை முழுக்க இந்த மாற்றங்களோடு ஓட்டிவிட்டு, அந்தக் குறைந்த பில்லைக் காட்டி விலை கேளுங்கள். பலகைகள் 25 வருடம் உழைக்கும், அவற்றுக்கு அடியில் தளம் ஒழுக ஆரம்பித்தால் எல்லாவற்றையும் கழற்றித்தான் ரிப்பேர் பார்க்க முடியும். விரிசல் அடைக்கிற வேலை முன்னால் வர வேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம். தண்ணீர்த் தொட்டியின் நிழல் எந்த நேரத்தில் எங்கே விழுகிறது என்று ஒரு நாள் பார்த்துக் குறித்து வையுங்கள். ஒரு பலகையில் விழும் நிழல் அதோடு தொடராக இணைந்த மற்ற பலகைகளின் உற்பத்தியையும் கீழே இழுத்துவிடும்.

மீட்டர் கணக்கை எழுதிய தாளையும் மேல்தளத்து விரிசல்களின் படத்தையும் அனுப்பி வையுங்கள். முடி அளவுக் கோடுகள் என்றால் பூச்சோடு போய்விடும். கம்பித் துரு தெரிகிற விரிசல் என்றால் பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன் ஒரு கட்டடப் பொறியாளர் நேரில் பார்க்க வேண்டும்.